ஜனவரி அறிவிப்பு, திருத்திய படி

வாட்ஸோவில் சூரியன் தலைகாட்ட
இன்னும் பதினோரு நாள்.
பதிவகத்து வாசல் பலகையில் நேற்றுவரை இருந்த தாளை
உருவி எடுத்துவிட்டு
மறுபடி தட்டச்சு செய்கிறேன்.
பலகையில் பன்னிரண்டு வரிக்குத்தான் இடம்.
இயக்குநர் ஓட்லாவ்க் எழுதித் தந்திருப்பது பதினேழு.

பன்னிரண்டாம் தேதி, மாலை ஆறு மணி:
பழைய கோத்திக் கையெழுத்தை வாசிக்கப் பயிற்சி.
பூதக்கண்ணாடி இங்கேயே தரப்படும்.
(போன முறை வந்தது நாலு பேர்.
அதில் ஒருவர் குளிருக்கு ஒதுங்கியவர்.
அவர்தான் நன்றாக வாசித்தார்.)

பதினான்காம் தேதி:
நனைந்த, கிழிந்த தாள்களுக்கு இலவச ஆலோசனை.
தயவுசெய்து ஒட்டுநாடா போட்டுக் கொண்டுவராதீர்கள்.
மாதாமாதம் இதை எழுதுகிறேன்.
மாதாமாதம் ஒட்டிக்கொண்டுதான் வருகிறார்கள்.

மீன்பிடிப் படகுகளின் ஆள்பட்டியலைக்
கணினியில் ஏற்றத் தொண்டர்கள் தேவை.
காப்பி உண்டு.

சூரியன் திரும்பும் நாளில்
வாசிப்பறை நண்பகலில் ஒரு மணி நேரம் பூட்டியிருக்கும்.
காரணம் போடவில்லை.
இந்த ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள்;
அவர்களும் அதே மேட்டில்தான் நின்றுகொண்டிருப்பார்கள்.

இவற்றுக்கு நடுவே,
இதே எழுத்து, இதே அளவு:
இரண்டாம் தேதி முதல்
அறுபதாண்டு முத்திரை நீங்கிய
விடுதிப் பதிவேடுகள் பார்வைக்கு.

இரண்டாம் தேதி
நான் சாவி போடும் முன்பே ஒருவர் நின்றிருந்தார்.
புருவத்தில் பனி.
பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு
பென்சில் கொடுத்தேன். விதி அது.
பெட்டியில் அவருக்கு இருந்தது ஒரே தாள்.

பெயர்: இசாக்.
வயது: ஐந்து, தோராயமாக.
காலணி: இருபத்தாறு.
மொழி: இல்லை.
குறிப்பு: குழந்தை பேசுவதில்லை.

ஐந்தே வரி.
ஒரு தடித்த நாவலை முடிக்கும் நேரம் எடுத்துக்கொண்டார்.
கொட்டாவி விட்டார்.
கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார்.
பிறகு, நூலகத்தில் கேட்பதுபோல்
தாழ்ந்த குரலில் கேட்டார்:
"ரப்பர் இருக்கிறதா?"

இந்தக் கட்டடத்தில் ரப்பரே கிடையாது என்றேன்.
உள்ளதைத் தொட முடியாது,
ஆனால் சேர்க்கலாம்.
அப்படியொரு விதி உண்டு,
பதினெட்டு வருடத்தில் யாரும் கேட்டதில்லை:
அமிலமில்லாத தாளில் ஒரு சீட்டு,
அவரவர் கையால்,
மூலத்தோடு என்றைக்கும் கூடவே இருக்கும்.
கட்டணம் இல்லை.

பென்சிலைத் தீட்டித் தரச் சொன்னார். இருமுறை.
எழுதியது இரண்டு வரி.
கீழே கையொப்பம் மட்டும் எனக்குப் புரிந்தது: இஸ்ஸாத்.
மற்றதன் பொருளைக் கேட்டேன்.

"உங்களுக்கு எதற்கு?
அது அந்தத் தாளுக்குச் சொன்ன பதில்."

சரிதான்.
பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன்.
படியிறங்கும்போது யாருடனோ கைப்பேசியில்
சத்தமாகப் பேசிக்கொண்டே போனார்,
வாசிப்பறை முழுக்கக் கேட்டது.
அமைதி காக்கவும் என்ற பலகையை
நான் சுட்டிக்காட்டவில்லை.

சீட்டுக்குத் தனி அட்டை போட வேண்டும்.
எழுதியவர், தேதி, தாளின் அளவு.
பொருளடக்கம் என்ற கட்டத்தில் கோடிட்டேன்.
அடுத்த கட்டம், மொழி.
இதே கேள்விக்கு அறுபது வருடம் முன்பு
யாரோ ஒரு குமாஸ்தா,
கையெழுத்து அழகு, எனக்கே பொறாமை,
'இல்லை' என்று எழுதியிருக்கிறார்.
வடசாமி, என்று எழுதினேன்.
எழுத்து கொஞ்சம் கோணல்.

ஆகவே பலகையில் ஒரு வரி கூடுகிறது:
பதிவுகளில் திருத்தம் செய்ய இயலாது.
சேர்க்க இயலும். பென்சில் இங்கே கிடைக்கும்.

இடத்துக்காக
'மின்தூக்கி இயங்குகிறது' என்ற வரியை எடுத்துவிட்டேன்.
எப்படியும் நேற்றோடு அது நின்றுவிட்டது.
வாசிப்பறை மூன்றாம் மாடியில்.
கைப்பிடியைப் பிடித்து ஏறி வரவும்.