மூடினால் உறங்க வேண்டும்

மேசைக்கடியில் பன்னிரண்டு வருஷமாகக் கிடக்கிறது
என் கறுப்புப் பெட்டி.
அதன் காற்றாடிக்கு இப்போது ஆஸ்துமா.
மேல்மூடியின் வெதுவெதுப்பில் பூனை தூங்கும்.
உள்ளே நாற்பத்தொரு குகைகள்.

ஆம், குகைகள்.
ஞாயிறுதோறும் கயிறு கட்டி இறங்கி
அளந்து வந்த இருட்டையெல்லாம்
கோடாக்கி அடுக்கி வைத்திருக்கிறேன்.
செர்க்னிட்சாவில் கோடை வந்தால்
ஏரியே தரைக்குள் போய்விடும்.
போன வழியைத் தேடி வரைவது
எங்கள் சங்கத்தின் வேலை.

"வரைபடமெல்லாம் உன் வீட்டில்,
ஆளெல்லாம் குகை வாசலில்.
இரண்டும் என்றைக்குச் சந்திக்கும்?"
பொருளாளர் தரின்கா
முந்நூறு யூரோவை உறையிலிட்டு நீட்டினாள்.
பாதி சங்கத்தின் பணம், பாதி என்னுடையது.
"ரசீது முக்கியம்" என்றாள்
இரண்டு முறை.

லுப்லியானா. ரயில் நிலையத்துக்குப் பின்சந்து.
பழைய மடிக்கணினி விற்கும் கோராஸ்தின் கடை.
என் சட்டைப்பையில் தீப்பெட்டி,
தீப்பெட்டிக்குள் பென் டிரைவ்,
அதற்குள் முழு லினக்ஸ்.
"எதையும் நிறுவ மாட்டேன்.
தொட்டுப் பார்த்துவிட்டு எடுத்துவிடுவேன்."
"எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்"
என்றார், டீயில் தேனைக் கலக்கிக்கொண்டே.

மாடு வாங்குகிறவன் பல்லைப் பார்ப்பான், சுழி பார்ப்பான்.
நான் ஒவ்வொன்றையும் கவிழ்த்துப் பார்த்தேன்.
அடியில் திருகுகள் உண்டா?
நினைவகத்தைக் கழற்றி மாட்டலாமா,
பற்றவைத்துத் தொலைத்துவிட்டார்களா?

முதலாவது, வெள்ளி நிறம்.
கத்தி போல மெலிசு, விலையும் அப்படித்தான் அறுத்தது.
லினக்ஸ் எழுந்தது, திரை ஒளிர்ந்தது,
வைஃபை மட்டும்
"அப்படி யாரும் இங்கே இல்லையே" என்றது.
மூன்று தெருவின் சிக்னல் தலைக்குமேல் பறக்க
அது சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது.

இரண்டாவதில் எல்லாம் சரி.
மூடினேன். உறங்கிற்று.
திறந்தேன். உறங்கிற்று.
தட்டினேன், கெஞ்சினேன்,
பொத்தானை ஏழு நொடி அமுக்கினேன்.
செத்துப் பிறந்ததே ஒழிய
விழித்து எழவில்லை.
சேறு படிந்த கையுறையோடு,
கீழே ஒருவன் கயிற்றில் தொங்கும்போது,
இப்படி ஒன்றைத் தாலாட்டிக்கொண்டிருக்க முடியாது.

மூன்றாவது தடியன்.
மூடியில் ஏதோ வரி அலுவலகத்தின்
கிழிந்த ஸ்டிக்கர்.
யாரோ எத்தனை பேருக்கு நோட்டீஸ் அடித்தார்களோ
ஈ என்ற ஆங்கில எழுத்து தேய்ந்து வழுவழுப்பாய் இருந்தது.
வைஃபை, பக்கத்து பேக்கரியைப் பிடித்தது.
மூடினேன், உறங்கிற்று.
திறந்தேன்,
விட்ட இடத்தில் விழித்துக் காத்திருந்தது.
ஒன்பது முறை மூடித் திறந்தேன்.
கோராஸ்த் எண்ணிக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு பாட்டைப் போட்டேன்.
சத்தமில்லை.
ஒலியை நூறுக்கு ஏற்றினேன்.
நூறு சதவீத மௌனம்.

குகைக்கு ஊமை போதும் என்றுதான் முதலில் நினைத்தேன்.
ஆனால் பெட்டி போய்விட்டால்
இரவில் மால்மோவிலிருந்து என் மகன் ததேய்
எதன் வழியே பேசுவான்?
வாயசைவைப் பார்த்து
"சாப்பிட்டாயா" என்பதைக் கண்டுபிடிக்க வேண்டுமா?

இதை நான் வாய்விட்டுச் சொன்னேனா, தெரியாது.
கோராஸ்த் இழுப்பறையைக் கிளறி
நகமளவு ஒரு துண்டை எடுத்துப்
பக்கவாட்டு ஓட்டையில் செருகினார்.
கடை முழுக்க அக்கார்டியன்.
டீக்கோப்பைகூட ஒரு கணம் அதிர்ந்தது.
"இது நாலு யூரோ" என்றார்.

ரசீதில் இரண்டு வரி:
கணினி ஒன்று, இருநூற்று அறுபது.
குரல் ஒன்று, நாலு.
இந்த இரண்டாவது வரிக்குத்தான்
தரின்கா இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

நேற்றிரவு நாற்பத்தொரு குகைகளும் இடம் மாறின.
நாற்பதாவது மட்டும் வெகு நேரம் நின்றது.
அங்கே நிஜத்திலும் குறுகலான வழிதான்,
தோளைச் சாய்த்து மூச்சை விட்டால்தான் புக முடியும்.
பிறகு பெட்டியை அணைத்தேன்.
காற்றாடி இருமி, இன்னொரு முறை இருமி, நின்றது.

விடிகாலையில் பூனை வந்து
ஆறிப்போன பெட்டிமேல் ஏறி நின்றது,
இறங்கி மடிக்கணினிமேல் படுத்தது,
சூடு போதாமல்
என்னைப் பார்த்தது.

எல்லாம் சோதித்தேன்.
இதை மட்டும் கோராஸ்திடம் கேட்கவில்லை:
பூனைக்கு ஒத்துவருமா?