அடித்த வரி

ஐஸ்லாந்தின் நீண்ட இரவு. மீனெண்ணெய் விளக்கடியில்
பாதிரியார் எய்விந்தூர் தன் காவியத்தை வாசிக்கிறார்.
கடவுள் பேசியபோது
கம்பளி பின்னும் ஊசிகள் ஓயவில்லை.
தேவதூதர் துதிபாட,
யாரோ இருமினார்கள்.

கலகக்காரன் வாய் திறந்தான்:
"முழங்காலைப் படைத்தவன் நீ.
மடக்க மட்டுமா?"
ஊசிகள் நின்றன.

பதினொரு செய்யுள் ஆழத்துக்கு
விழுந்துகொண்டே இருந்தான்.
பால் கறக்கும் ஸ்டெய்ன்வோர் கேட்டாள்:
"அத்தனை பேர் நின்றார்களே,
ஒருத்தர்கூடவா கை நீட்டவில்லை?"

பாதிரியார் விளக்குத் திரியைத் தூண்டினார்.
எல்லாரும் உறங்கியபின்
அவன் வாயை அடைக்க உட்கார்ந்தார்.
நான்கு வரி அடித்தார்;
ஐந்து வரி வந்தது.

விடியுமுன், தொழுவத்தில்
சாணியில் மண்டியிட்டுக் கறந்தபடி
ஸ்டெய்ன்வோர் முணுமுணுக்கிறாள்
அடித்த வரிகளில் ஒன்றை.
பசு
காலை மாற்றி வைக்கிறது.