ஒற்றைப்படை நாட்கள்

ஒற்றைப்படைத் தேதிகள் எம்ரிஸுக்கு,
இரட்டைப்படை எனக்கு.
வாடகைத் தோட்டத்தைப் பிரிக்க
வக்கீலுக்கும் வேறு வழி தெரியவில்லை.

இன்று பிப்ரவரி இருபத்துநான்கு.
டோவி ஆற்றிலிருந்து ஈரக்காற்று.
கையுறைக்குள் விரல்கள் இருக்கின்றனவா என்று
எண்ணிப் பார்த்துக்கொள்கிறேன்.

பேரிக்காய் மரத்தைக் கவாத்து செய்துவிட்டான்,
மொட்டுக்குக் கால் அங்குலம் மேலே, சாய்வாக.
பதினோரு வருடம் கத்தினேன்.
இப்போது சரியாக வெட்டுகிறான்.

கொட்டகை ஜன்னலில் முட்டை அட்டைகள்.
குழிக்கொரு விதை உருளைக்கிழங்கு,
கண்கள் மேலே பார்த்தபடி.
என்னுடையதையும் சேர்த்தே அடுக்கியிருக்கிறான்,
எது யாருடையது என்று எழுதாமல்.

விட்ச் ஹேசல்
ஓர் இலைகூட இல்லாமல்
மஞ்சள் நூலைப் பிய்த்துப் பிய்த்துக்
கிளையெல்லாம் ஒட்டிவைத்திருக்கிறது.
இந்தக் குளிரில் அதற்கென்ன அவசரமோ.

வேலியோரம் ஸ்னோடிராப் நெருக்கியடித்துக் கிடக்கிறது.
பூ வாடியதும்,
இலை பச்சையாக இருக்கும்போதே பிரிக்க வேண்டும்.
காய்ந்த கிழங்கு பிழைப்பது சந்தேகம்.

மண்வெட்டியை நட்டநடுவில் இறக்கினேன்.
வேர் கிழியும் சத்தம்,
நினைத்த அளவுக்குப் பெரிதில்லை.

பாதியை அங்கேயே விட்டேன்.
மீதியை ஈரச் செய்தித்தாளில் சுற்றிக்
கொட்டகை வாசலில் வைத்தேன்.

நாளை இருபத்தைந்து.