ஆட்காட்டி

ஓடுபாதையோரப் புல் இத்தனை சென்டிமீட்டர்தான் இருக்கலாம்
என்று ஒரு விதி.
அதற்கு மேல் வளர்ந்தால் எலி வரும்.
எலிக்குப் பருந்து வரும்.
பருந்துக்கு எஞ்சின் இருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம்
பயிற்சி அறையில் இதைச் சிரித்தபடி எழுதிக்கொண்டேன்.
இது பதினான்காம் மாதம்.

சித்திரை, இரவெல்லாம் கோடை மழை.
தேவனஹள்ளிப் பக்கம் இன்னும் வெளுக்கவில்லை.
மஞ்சள் ஜீப்பை லோகேஷப்பா ஓட்ட
நான் எண்ணிக்கொண்டு வந்தேன்.
படிவத்தில் நான்கு கட்டங்கள்:
இனம், எண்ணிக்கை, இடம், நடவடிக்கை.

புதிய இணைப்புப் பாதைக்குச் சுண்ணாம்புக் கோடு போட்ட இடத்தில்
தலைக்கு மேல் ஒரு கத்தல்.
"டிட்டிபா" என்றார் லோகேஷப்பா, பிரேக்கை மிதித்து.
எங்கள் மொழியில் ஆட்காட்டி.
ஆள் வந்தால் காடு முழுக்கச் சொல்லிவிடும்.
இங்கே காடு இல்லை.
ஆள் இருந்தேன்,
ஒளிரும் கோட்டும் கழுத்தில் அட்டையுமாக.

காலை எடுத்து வைக்கப் போன இடத்தில் நான்கு முட்டைகள்,
கூர்முனைகள் நடுவில் கூடி.
மூன்று கம்பெனிகளிடம் விலை கேட்டு
நாங்கள் வாங்கிக் கொட்டிய ஜல்லி,
அதே நிறம், அதே புள்ளி.
யாரிடமும் கேட்காமல் செய்திருந்தது.

பதினோரு மணிக்குக் கூட்டம்.
ஒரு கோப்பு சொன்னது: மழைநீர் ஒரு சொட்டும் வீணாகக் கூடாது, குளம் வெட்டுங்கள்.
இன்னொரு கோப்பு சொன்னது: தேங்கிய நீர் பறவையை அழைக்கும், குளமே கூடாது.
இரண்டும் சரி.
இரண்டின் தலையிலும் ஒரே முத்திரை.
நடுவில் உட்கார்ந்து வரைபடத்தில்
நீலத்தை அழித்து அழித்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

பாதுகாப்புப் பிரிவின் மிருதுளா சௌகார்
தட்டையான ஒரு படத்தைக் காட்டினார்:
வளைந்த இறக்கைத் தகடு, அதில் ஒட்டிய ஒற்றை இறகு.
யாரும் பேசவில்லை.
அந்த விமானத்தில் முன்னூறு பேர்.
அதை நான் மறுக்கவில்லை, எப்போதும் மறுக்க மாட்டேன்.

கார் நிறுத்தத்துக்கு அடியில் தொட்டி கட்டலாம் என்றேன்.
நீர் நிற்கும், வானத்துக்குத் தெரியாது.
செலவு?
மூன்று மடங்கு.
அடுத்த கட்டத்தில் பார்க்கலாம் என்றார்கள்.
அடுத்த கட்டம் என்பது ஒரு ஊர்.
நல்ல யோசனைகளெல்லாம் அங்கேதான் குடியிருக்கின்றன.

முட்டைகளைப் பற்றி வாய் திறக்கவில்லை.
மதியம் வேலை அட்டவணையைத் திறந்து
மேற்கு முனையை ஐந்தாம் வாரத்துக்குத் தள்ளினேன்,
கிழக்கை முதலுக்கு இழுத்தேன்.
காரணம் என்ற கட்டத்தில்: ஜல்லி வரத்துத் தாமதம்.
பொய் என்றும் சொல்ல முடியாது.
பொரிக்க இருபத்தெட்டு நாள், ஓட இரண்டு நாள்.
அதற்குப் பிறகு
ஓடுபாதையோரம் நான்கு பறவைகள் கூடுதல்.
அதையும் நான்தான் எண்ண வேண்டும்.
விரட்டவும் வேண்டும்.

காலைப் படிவத்தில் நடவடிக்கை காலியாகவே இருந்தது.
"கண்காணிப்பில்" என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

மறுநாள் அண்ணன் கல்யாணம், கோயம்புத்தூரில்.
ரயில் ஏழு மணி நேரம், விமானம் ஒரு மணிக்குள்,
ஊழியர் சலுகை வேறு.
என் ஒருத்தியின் பங்குக்கு எத்தனை கிலோ கரி என்று
எனக்குத் தசமப் புள்ளி வரை கணக்குத் தெரியும்.
தெரிந்துதான் ஜன்னலோரம் கேட்டு வாங்கினேன்.

வண்டி திரும்பி வேகமெடுக்கையில்
சுண்ணாம்புக் கோடு வந்தது, போனது.
எது கல், எது முட்டை, தெரியவில்லை.
இந்த இரைச்சலில் எதுவும் கேட்காது.
இருந்தும்
காதைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.