ஆணி

பீடோர் பழைய சாலையில்
லாரிகளுக்கு நம்பர் எழுதுகிறவன் நான்.
செம்பனை ஏற்ற ஆறு லாரி வைத்திருக்கும் சவரிராயன்
சிற்றாலயச் சுவரில்
மங்கள வார்த்தை வேண்டுமென்றார்.
சிகரெட் அட்டையின் பின்புறம் ஒப்பந்தம்:
தங்கம் தாராளம். நீலம் அளவாக.
ஒரு மூலையில், முழந்தாளில், அவர்.

ஃப்ளோரன்ஸ் வட்டிக்கடைக்காரர்களும்
இப்படித்தான் கேட்டார்களாம்.
ஈப்போவில் பன்னிரண்டு வெள்ளிக்கு வாங்கிய
அட்டை போன புத்தகம் சொல்கிறது.
அங்கே நீலம்தான் தங்கத்துக்கு மேலே விலை.
கப்பலில் வந்ததால் அதன் பெயரே
கடலுக்கு அப்பால்.
எங்களுக்கும் அந்தப் பெயரை வைத்திருக்கலாம்.
விலைதான் ஒத்துவராது.

ஈரச் சுண்ணாம்பு காய்வதற்குள் எழுத வேண்டும்.
இன்றைக்கு முடிகிற அளவுக்கே பூச்சு.
அந்தத் துண்டுக்கு அவர்கள் வைத்த பெயர்
ஒரு நாள் வேலை.
"பால் உறையறதுக்குள்ள வாளி சேரணும்,
மழ பேஞ்சா அன்னிக்குப் பேர் இல்ல,
இதத்தான் புஸ்தகம் போட்டு எழுதினானா?"
என்றாள் மனைவி,
சுண்ணாம்பு குழைத்தபடி.

முகத்துக்கு முட்டைக் கரு.
லிம் கடை வெள்ளை முட்டை வெளிறியது,
இளம் கன்னங்களுக்கு.
கம்போங் கோழி முட்டை சிவந்தது,
வெயிலில் நின்றவர்களுக்கு.
எட்டும் கம்போங் முட்டையாகவே வாங்கினேன்.

மரியாளுக்கு ஜெசிந்தா உட்கார்ந்தாள்.
கையுறைத் தொழிற்சாலை, இரவு ஷிப்ட்,
விரல் இடுக்கில் இன்னும் வெள்ளை மாவு.
திடுக்கிட்ட மாதிரி பார் என்றேன்.
"சம்மனசு வந்தப்ப அவ என்ன செஞ்சிட்டிருந்தா?"
படித்துக்கொண்டிருந்தாள்.
"அப்ப லீவு இருந்திருக்கு."
பிறகு தரையைப் பார்த்து யோசித்தாள்:
எத்தனை நாள் மிச்சம், யாரிடம் சொல்வது,
சூப்பர்வைசர் என்ன கேட்பான்.
அதைத்தான் வரைந்தேன்.

சம்மனசின் கையில் லீலி இருக்க வேண்டும்.
சியன்னாக்காரர்கள்
அது எதிரி ஊர்ச் சின்னமென்று
ஒலிவக் கிளை கொடுத்தார்களாம்.
நான் வாய்க்கால் ஓரத்துப் புங்கா கந்தான் கொடுத்தேன்.
பாதர் பார்த்தார்; ஒன்றும் சொல்லவில்லை;
சாயங்காலம் லக்சா வாங்கி அனுப்பினார்.

கடைசியாக, தூரம்.
கோடெல்லாம் ஒரு புள்ளியில் கூடுமென்று
அங்கே யாரோ கணக்குப் போட்டுக் காட்ட
ஊரே வாய் பிளந்ததாம்.
காலை ஐந்து மணிக்கு
நெற்றி விளக்கோடு நிரையில் நின்ற
எவளைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாள்:
முதல் மரம் கட்டிப்பிடிக்க முடியாது,
கடைசி மரம் விரல்நுனி.
அங்கே போனால்
அது இன்னும் தள்ளிப் போய் நிற்கும்.

மரியாளுக்கும் சம்மனசுக்கும் நடுவில்
ஆணி அடித்து, நூல் கட்டி,
செம்பனை நிரைகளை இழுத்தேன்.
எல்லாம் ஆணிக்குள் போயின.
நிரையின் கடைசியில் முழந்தாளிட்டு
சவரிராயன்.

"எலி மாதிரி இருக்கேனேப்பா."
தூரம் அப்படி, தவுக்கே.
நூறு வெள்ளி குறைத்துத் தந்தார்.

ஆணியைப் பிடுங்க மறந்துவிட்டேன்.
ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் முடிந்து
நேரே பூசைக்கு வருகிற ஜெசிந்தா
கழுத்திலிருந்து தொழிற்சாலை அட்டையைக் கழற்றி
அதில் மாட்டுகிறாள்.
பூசை முடிந்ததும்
மறக்காமல் எடுத்துக்கொண்டு போகிறாள்.