கேத்தில் திருத்துமிடம்

குருமன்காட்டுச் சந்திக்கு இந்தப் பக்கம்
தகரக் கூரைக்குக் கீழே
பத்தொன்பது வருசமாய்
மூடியைத் திறந்து உள்ளே பார்க்கிறேன்.

சூடாக்கும் தகடு சாவது குறைவு.
புதைபட்டுத்தான் போகிறது.
பல்லில் காறை பிடித்த மாதிரி
ஊர்த் தண்ணி அதன்மேல் குந்தியிருக்கும்,
எழும்ப மனமில்லாமல்.

ஆள் வாய் திறக்க முன்னம் சொல்லிவிடுவேன்
எந்தப் பக்கத்து வீடென்று.
நெளுக்குளத்துப் படிவில் மஞ்சள் ஓடும்.
டவுன் குழாய்க்காரருடையது மெல்லிய முட்டைக்கோது.
வைரவபுளியங்குளத்தில் ஒரு குழாய்க்கிணறு இருக்கிறது
(வளவைச் சொல்லமாட்டேன், வாடகைக்கு ஆள் வராது)
அங்கே ஆறு மாதத்தில்
கல்லே விளையும்.

பட்டாணிச்சூர் நஸ்லியாவுக்குக்
கட்டாரிலிருந்து வந்தது கண்ணாடிக் கேத்தில்.
கொதித்தால் நீல வெளிச்சம் எரியும்.
நாலாம் மாதம் கொண்டுவந்தா.
பூ விழுந்த கண்.
உள்ளே மட்டும் நீலம் எரிந்துகொண்டிருந்தது.

தொழில் ரகசியம் என்று ஒன்றுமில்லை:
மூன்று தேசிக்காய், ஒரு கொதி,
இரவு முழுக்க ஊற விட்டால் போதும்.
தவமலர் ரீச்சருக்கு அதைச் சொன்னேன்.
"தேசிக்காய் விக்கிற விலைக்கு
புதுக் கேத்தில் வாங்கலாம் தம்பி"
என்று சிரித்துவிட்டு
அதையே திருத்தச் சொல்லி வைத்துப் போனா.

என் வீடு வேறு மாதிரி என்று நினையாதேங்கோ.
குளியலறைச் சவரில் நாற்பது துளை,
ஏழுதான் வேலை செய்யும்,
அதிலும் ஒன்று கூரைக்கு அடிக்கும்.
கொடியில் காய்ந்த சேட்டைத்
தரையில் வைத்தால் நிற்கும்.
பால் விடாத தேத்தண்ணிக்கும் ஆடை கட்டும்.
பருப்பு மட்டும் எங்கள் தண்ணியோடு சேராது,
எவ்வளவு அவித்தாலும் பருக்கை பருக்கையாய்.
மழை பெய்தால் மனிசி முதலில் வெளியே வைப்பது
பருப்புச் சட்டியை.

செவ்வாயும் வெள்ளியும்
ஆஸ்பத்திரிக்கு இரத்தம் கழுவப் போகிற
சிவபாதம் அண்ணன்
போகிற வழியில் தன் கேத்திலைத் தந்தார்.
சுரண்டிக்கொண்டிருந்தேன்.
குனிந்து பார்த்தார், நெடுநேரம்.
"என்னையும் இப்பிடித் திறக்கேலாதோடா?"

தண்ணியால்தான் என்று
ஒரு டொக்டரும் அவருக்கு எழுதித் தரவில்லை.
தண்ணியால் இல்லை என்றும் எழுதித் தரவில்லை.
வடிகட்டினதை வாங்கிக் குடியுங்கோ என்றார்களாம்.
கானைச் சைக்கிள் கரியரில் கட்டியபடிதான்
அவர் நின்றார்.
கூலியில் நூறு ரூபாய் குறைத்தேன்.
முழுதாகவே விட்டிருக்கலாம்.

போன தை மாதம் மகள் டிலக்சி
படிக்கவென்று வெள்ளவத்தைக்குப் போனாள்.
முதல் கிழமையே போன்:
"அப்பா, இங்கத்தைத் தண்ணியில ஏதோ பிழை.
சவுக்காரம் போகுதில்லை.
கழுவக் கழுவ வழுக்குது."
தாய்க்காரி பயந்துபோய்
என் முகத்தைப் பார்த்தாள்.
ஊர்த் தண்ணிக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவன்
வாயைத் திறக்கவில்லை.
நல்ல தண்ணி அப்படித்தான் இருக்கும் என்று
கேள்விப்பட்டிருக்கிறேன்.
தொட்டுப் பார்த்ததில்லை.

சித்திரை லீவுக்கு வந்தாள்.
பஸ்சால் இறங்கின கையோடு
பின்பக்கப் பைப்பைத் திறந்து
முகம் கழுவினாள்.
துடைக்கவில்லை.
வெயிலில் நின்று காய விட்டாள்.
கன்னம் இழுத்து இறுகியது,
புருவத்தில் மெல்லிசாய் வெள்ளை பூத்தது.

"அப்பாடா" என்றாள்,
"இப்பதான் கழுவின மாதிரி இருக்கு."