ஏழாம் நம்பர்

நாலாம் நம்பர் இரும்பில் இருப்பது
ஒரு பெண்ணுக்கென்று செய்த தண்டு.
ஷார்ஜாவில் சொன்னால் சிரிப்பார்கள்,
கீழக்கரையில் சொன்னால் புரியாது.
அதனால் அதன் பட்டையைச் சுரண்டி எடுத்துவிட்டேன்.

பதினாறு வருஷமாக
அடுத்தவர் கோல்ஃப் மட்டைகளுக்குத் தண்டு மாற்றுகிறேன்.
கழுத்தைச் சூடாக்கி இழுத்தால்
பசை கருகும் வாசனையோடு கழன்று வரும்.
வேண்டாமென்று அவர்கள் விட்டுப்போனவை
என் மேஜைக்கு அடியில்.
விறைப்பானவைதான் அதிகம்.
எல்லாருக்கும் முதலில் விறைப்பு வேண்டும்,
முதுகு பிடித்த பிறகு
குரலைத் தாழ்த்திக்கொண்டு வருவார்கள்.

நாலு, ஐந்து, ஆறு: வளைகிற தண்டு.
நீள மட்டைக்கு முகம் செங்குத்து,
தானாகப் பந்தைத் தூக்கத் தெரியாது.
தண்டுதான் கொஞ்சம் பின்தங்கி வந்து
கடைசி நொடியில் உதறிவிட வேண்டும்.
எட்டு, ஒன்பது, குட்டை மட்டை இரண்டு:
இறுகிய எஃகு.
அவை மல்லாந்த முகம், தூக்குவது அவற்றுக்குப் பாடில்லை.
சொன்ன இடத்தில் இறங்கினால் போதும்.

இப்படியொரு செட் எந்தக் கடையிலும் தொங்காது.
மதுரை விமான நிலையத்தில்
தூண்டிலா என்று கேட்டார்கள்.
ஆமாம் என்றேன்.

மாயாகுளம் போகிற வழியில்
கருவேலங்காட்டுக்கும் கடலுக்கும் நடுவே
உப்புப் பூத்த பொட்டல்.
அஸர் தொழுதுவிட்டு வந்து நின்றேன்.
முதல் பந்து, நாலாம் நம்பர்,
நான் கணக்குப் போட்ட அதே உயரம் ஏறியது.
ஏறிய பிறகுதான்
கச்சான் அதைக் கையில் வாங்கிக்கொண்டது.

ஏசி போட்ட அறையில், வலைக்குள் அடித்து
எண்களைப் பார்த்துச் சேர்த்த செட் இது.
அங்கே காற்றென்று ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

காட்டுக்குள்ளிருந்து இருளாயி வந்தாள்,
பின்னால் இருபது ஆடு,
முந்தானையில் என் பந்துகள் ஏழு.
ஒண்ணு கிடாய் மேல பட்டுச்சு, என்றாள்.
ஐம்பது ரூபாய் கொடுத்தேன்.
கிடாய்க்கா பந்துக்கா என்று அவள் கேட்கவில்லை.

பத்து நாள் ஆனது.
மட்டையை நான் ஓங்கியதும்
அவள் தலை திரும்புவதில்லை,
சத்தத்துக்குக் காத்திருப்பாள்.
வொய்ங்னு வந்தா ஆட்ட எளப்பிருவேன்,
அது எங்கிட்டு விழும்னு ஒங்களுக்கே தெரியாது.
டப்புனு வந்தா மேயட்டும்னு விட்ருவேன்.

நான் மிஷினில் மாட்டி அதிர்வை எண்ணிப் பிரித்ததை
ஒரு வேப்பங்குச்சியைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

இதுல ஒண்ணு மட்டும் எனக்கு வெளங்கல,
வொய்ங்குமில்ல, டப்புமில்ல.

ஏழு.
எல்லை அங்கேதான் இருக்கிறது.
ஆறு வளையும், எட்டு வளையாது,
நடுவில் நிற்பது எந்தப் பக்கம்?
வளைகிறதைப் போட்டால் எட்டு வீம்பாகத் தெரிகிறது,
இறுகியதைப் போட்டால் ஆறு குடித்தவன் போல.
அரை அங்குலம் நுனி வெட்டிப் பார்த்தேன்.
வெட்டியதை ஒட்டவைக்க முடியாது.

நாளை மறுநாள் விமானம்.
பெட்டியைக் கட்டாமல்
ஏழைத் தூக்கிக்கொண்டு எங்கே போறீங்க
என்றாள் ஜொஹரா.
சதக் அண்ணன் நகைப்பட்டறையில்
ஊதுகுழல் இரவல் வாங்கி
கழற்றி, மூன்றாவது தண்டைச் சொருகி
ராத்திரி முழுக்கக் காயவிட்டேன்.
இது யாருடையது என்று ஞாபகமில்லை.
எண்ணும் அழிந்திருக்கிறது.

இன்று கச்சான் முழுசாக அடித்தது.
மணலில் பந்தை வைத்தேன்.
தோளைத் தளர்த்தி, ஓங்கி, அடித்தேன்.

பந்தைப் பார்க்கவில்லை.
ஆடுகளைப் பார்த்தேன்.